கயிறு இல்லை, கதையும் இல்லையா? ‘ஓங்-பாக்’ படத்தின் மீதான பார்வையாளர் தீர்ப்புகள்

2003 ஜனவரியில் தாய்லாந்துத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஓங்-பாக்’ படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நோங் பிராது என்ற கிராமத்துக் கோயிலில் உள்ள புத்தர் சிலையின் தலையை ஒருவன் அறுத்துக்கொண்டு பாங்காக்குக்கு ஓடிவிடுகிறான். ஊரே கலங்கி நிற்கிறது. திங் என்ற இளைஞன், ஊரார் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு நகரத்துக்குப் போகிறான். அடித்து, அடிபட்டு, தலையை மீட்கிறான். பெரிய நட்சத்திரப் பட்டாளமோ பெரிய முதலீடோ இல்லாத இந்தப் படம் ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றி வந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் இதைப் பற்றிய வாதம் ஓயவில்லை.

அந்த வாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘சண்டை பிரமாதம், கதைதான் எங்கே?’ என்று கேட்கிறது ஒன்று. ‘சண்டை பார்க்கத்தானே போனோம், கதை எதற்கு?’ என்று திருப்பிக் கேட்கிறது மற்றொன்று. மேலுக்கு எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும், கதை வேறு, சண்டை வேறு என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. அந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கதை, சண்டையின் உண்மை, நகைச்சுவை, நாட்டுப்பற்று, வெட்டித் தைத்த பதிப்புகள் என்று பார்வையாளர்கள் எழுப்பும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு கணக்கும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படம் பிறந்த மண்

ஈசான் என்று அழைக்கப்படும் வடகிழக்குத் தாய்லாந்து, நாட்டின் ஏழ்மையான வட்டாரம். பாங்காக்கின் கட்டட வேலைக்கும், டாக்சி ஓட்டவும், தெருவோரச் சாப்பாட்டுக் கடை போடவும் அங்கிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த பன்னா ரிட்டிக்ராய், 1980களில் மிகக் குறைந்த செலவில் சண்டைப் படங்களை எடுத்துவந்தார். அவரே நாயகன், அவரே சண்டைப் பயிற்சியாளர். அவரிடம் பழகிய பையன்களே அடிப்பவர்களும் அடி வாங்குபவர்களும். நாட்டுப்புற ரசிகர்கள் இந்தப் படங்களைக் கொண்டாடினார்கள்.

அவருடைய ‘கெர்ட் மா லூய்’ படத்தைச் சிறுவயதில் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் டோனி ஜா. சுரின் மாகாணத்தில் யானை வளர்க்கும் குடும்பத்தில் 1976இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பன்னாவிடம் சேர்ந்து குருகுலவாசம் செய்தார். 1997இல் வந்த ‘மோர்ட்டல் காம்பாட்: அனிஹிலேஷன்’ என்ற ஹாலிவுட் படத்தில் டூப் போட்டார். பிறகு குருவும் சீடனும் முவாய் தாய் குத்துச்சண்டையின் பழைய வடிவமான முவாய் போரானைத் தேடிப் படித்து, அதைச் செய்துகாட்டும் ஒரு ஒளிப்பதிவைத் தயார்செய்தார்கள். அதைப் பார்த்து அசந்துபோன இயக்குநர் பிராச்சியா பிங்க்கேவ் எடுத்த படம்தான் ‘ஓங்-பாக்’.

அது வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1997இல் தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்து, அந்தச் சரிவு ஆசியா முழுவதையும் ஆட்டியது. அடிபட்ட நாடு தன் பெருமையைத் திரையில் தேடிக்கொண்டிருந்தது. ‘பாங் ரஜன்’, ‘சூரியோதை’ போன்ற வரலாற்றுப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது அந்தச் சமயத்தில்தான். உலகத் திரையிலோ நிலைமை வேறு. ‘மேட்ரிக்ஸ்’ 1999இலும் ‘க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ 2000த்திலும் வந்த பிறகு, சண்டை என்றாலே கயிற்றில் தொங்கிப் பறப்பது என்றாகிவிட்டது. இரண்டு படங்களுக்கும் சண்டை அமைத்தவர் ஒருவரே, ஹாங்காங்கின் யுவென் வூ-பிங். இந்தச் சூழலில், கயிறு இல்லை, கிராபிக்ஸ் இல்லை, டூப் இல்லை என்ற விளம்பரத்தோடு வந்தது ‘ஓங்-பாக்’. பணம் இல்லாததையே அது பெருமையாக மாற்றிக்கொண்டது. பார்வையாளர்கள் சொல்லும் பாராட்டும் குறையும் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே கிளம்புகின்றன.

கதை மெலிவு என்ற குற்றச்சாட்டு

கதை மெலிதுதான்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சண்டைக்கு நடுவே இட்டு நிரப்பிய பஞ்சுதான் அந்தக் கதை என்பது பொருந்தாது. படம் நாயகனின் கையை எவ்வளவு நேரம் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள். கலையைக் கற்றுத்தந்த துறவி, அதைப் பயன்படுத்தாதே என்கிறார். நகரத்துக்கு வந்த திங், முதலில் சண்டையைத் தவிர்க்கவே பார்க்கிறான். காவ் சான் சாலைக்கு அருகிலுள்ள சூதாட்டச் சண்டைக் கூடத்துக்குள் அவன் போவது, திருட்டுப்போன ஊர்ப் பணத்தைக் கேட்டு வாங்கத்தான். தெரியாமல் களத்தில் நின்றுவிடுகிறான், எதிராளி பாய்கிறான், ஒரே அடியில் கீழே விழுகிறான். திங் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கூடம் வாயடைத்து நிற்கிறது.

படத்தில் எல்லோரும் பேசும் சந்துத் துரத்தலும் ஓடித் தப்பிக்கும் காட்சிதான். முள்கம்பி வளையத்துக்குள் புகுந்து, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே பாய்ந்து, வண்டிக்கு அடியில் கால்களை அகல விரித்தபடி சறுக்கிப் போகிறான். யாரையும் அடிக்காமலேயே அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனத்தில் சொல்ல வேண்டிய அடக்கத்தையும், பிறகு அந்த அடக்கம் உடைவதையும் உடம்பால் சொல்கிறார்கள். இதைக் கதை என்று ஏற்காதவர்கள், கதை என்றால் வசனம் என்று வைத்திருக்கிறார்கள்.

உண்மையான பலவீனம் வேறு இடங்களில் இருக்கிறது. மூவாய் என்ற பெண்ணும், போதைப்பொருளில் சிக்கி மாயும் அவள் அக்காவும் வரும் கிளைக்கதை, பார்ப்பவர் மனத்தில் ஒட்டுவதில்லை. வில்லன் கோம் துவான் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொண்டையில் கருவியை வைத்துப் பேசுகிறான். ஊனத்தையே தீமையின் அடையாளமாக்கும் பழைய பழக்கம் இது. இதைக் குறையாகச் சொல்லும் பார்வையாளர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். குறைந்த செலவு என்பது இதற்குச் சாக்காகாது. நல்ல வில்லனை எழுதக் காகிதமும் பேனாவும் போதும்.

நகைச்சுவை: தொல்லையா, துணையா?

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் பலர் அலுத்துக்கொள்வது ஹம்லே பாத்திரத்தின் கூச்சலைப் பற்றி. ஊர்த் தலைவரின் மகன். நகரத்துக்கு வந்து, தலைமுடிக்குச் சாயம் பூசி, ஜார்ஜ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, சில்லறை மோசடியில் பிழைப்பவன். திங்கின் பணத்தைத் திருடிச் சூதாட்டத்தில் வைப்பவனும் அவனே.

இந்த வேடத்தில் நடித்த பெட்ச்தாய் வொங்கம்லாவ், மும் ஜொக்மொக் என்ற பெயரில் தாய்லாந்து வீடுகள் தோறும் அறியப்பட்ட தொலைக்காட்சி நகைச்சுவையாளர். 2003இல் தாய்லாந்து ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான். டோனி ஜா புதுமுகம். பெட்ச்தாயும் ஈசான் பகுதியின் யாசொதோன் மாகாணத்துக்காரர். ஊரை மறந்த ஈசான்காரனும் ஊரைச் சுமந்து வந்த ஈசான்காரனும் தலைநகரில் மோதிக்கொள்வதுதான் படத்தின் உள்ளோட்டம். அந்த மண்ணை அறிந்தவர்களுக்கு இது தானாகவே உறைக்கும். மற்றவர்களுக்கு ஒரு கோமாளியின் சத்தம் மட்டுமே காதில் விழும். படத்தில் உண்மையிலேயே மாறுகிற ஒரே மனிதன் ஹம்லேதான். கடைசியில் புத்தர் தலையைத் தன் உடம்பால் மூடிக் காத்து உயிர்விடுபவன் அவன். நகைச்சுவைக் காட்சிகள் நீளம் என்று சொன்னால் ஏற்கலாம். அவனே வேண்டாம் என்றால் படத்தின் முதுகெலும்பை உருவச் சொல்வதாகிவிடும்.

‘எல்லாம் நிஜம்’ என்ற பாராட்டு

பாராட்டும் கட்சியின் முதல் வாதம், இதில் எல்லாம் நிஜம் என்பது. இதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். எந்தத் திரைச்சண்டையும் ஒத்திகை பார்த்து, கோணம் பார்த்து, தேவைப்பட்டால் திரும்பத் திரும்ப எடுப்பதுதான். எலும்பு முறிவதாகக் கேட்கும் ஓசை ஒலிக்கூடத்தில் சேர்த்தது. ஆக, ‘நிஜம்’ என்பது விளம்பரம் சொல்லுமளவுக்கு நிஜமில்லை.

இருந்தாலும் ரசிகர்கள் உணர்வது பொய்யில்லை. கேமரா விலகி நின்று, தலை முதல் கால் வரை உடம்பைக் காட்டுகிறது. தாவத் தொடங்கும் கணமும் விழும் கணமும் ஒரே ஷாட்டில் இருக்கின்றன. துண்டு துண்டாக வெட்டி அடியை ஊகிக்க வைக்கும் தந்திரம் குறைவு. எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பி, உச்சந்தலையில் முழங்கையை இறக்கும் அடியில் எடையும் தூரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. கால்சட்டையில் தீப்பற்றி எரிய எரிய உதைக்கும் காட்சி இன்றும் பார்ப்பவரை நிமிர வைக்கிறது என்றால், அங்கே எரிவது நெருப்பு என்பதால்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சர்ச்சை மறுகாட்சி. முக்கியமான தாவல்களையும் அடிகளையும் வேறு வேறு கோணத்தில் திரும்பக் காட்டுகிறது படம். ஒரு சாராருக்கு இது கொண்டாட்டம். மற்றவர்களுக்குக் கதையோட்டத்தை நிறுத்தும் தற்பெருமை. இது ஹாங்காங் வழி வந்த பழக்கம். 1985இல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யில் ஜாக்கி சான் வணிக வளாகத்தின் கம்பத்தில் சறுக்கி இறங்குவதை அடுத்தடுத்து மூன்று முறை காட்டுவார்கள். பணமில்லாத படம் தன்னிடமுள்ள ஒரே செல்வத்தைத் திரும்ப எண்ணிக்காட்டுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சந்துத் துரத்தலில் அது உற்சாகத்தைக் கூட்டுகிறது. அங்கே விளையாட்டு மனநிலைதான். உயிர் போகிற இறுதிச் சண்டையில் அதே உத்தி வரும்போது பதற்றம் தணிந்துவிடுகிறது. எனவே இரு தரப்புக்கும் பாதிப் பாதி வெற்றி.

நாட்டுப்பற்றா, நாட்டுவெறியா?

சண்டைக் கூடத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் தாய்லாந்துக்காரர்களை இழித்துப் பேசுகிறான், பணிப்பெண்ணை அடிக்கிறான். திங் அவனை வீழ்த்தும்போது அரங்கில் கைதட்டல் எழுவது இயல்பு. இதை மலிவான நாட்டுவெறி என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். படம் முழுவதையும் அதற்குள் அடக்கிவிட முடியாது.

காரணம், புத்தர் தலை திருட்டு கற்பனை இல்லை. அயுத்தயாவின் இடிபாடுகளில் தலையற்ற புத்தர் சிலைகளை வரிசை வரிசையாக இன்றும் காணலாம். 1767இல் பர்மியப் படையெடுப்பில் அழிந்த நகரம் அது, பிறகு கொள்ளையரும் அதை விட்டுவைக்கவில்லை. ஈசானின் புரிராம் மாகாணத்தில் உள்ள பனோம் ருங் கோயிலிலிருந்து, பள்ளிகொண்ட திருமாலைச் செதுக்கிய வாயில் மேற்கல் ஒன்று காணாமல்போய், அமெரிக்காவின் சிகாகோ அருங்காட்சியகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 1988இல்தான் அது திரும்பி வந்தது. அனுமதியில்லாமல் புத்தர் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துச்செல்வது தாய்லாந்தில் குற்றம். இந்தப் பின்னணியோடு பார்ப்பவருக்குக் கதை அவ்வளவு ‘மெலிவாக’ இருக்காது.

இன்னொன்றும் உண்டு. தலையை அறுத்தவன் தாய்லாந்துக்காரன். அறுக்கச் சொன்னவனும் தாய்லாந்துக்காரனே. சொந்த நாட்டின் புனிதத்தைச் சொந்த நாட்டாரே விற்கிறார்கள் என்பதுதான் படம் வைக்கும் குற்றச்சாட்டு. நாட்டுவெறிப் படங்கள் இப்படி வீட்டுக்குள் விரல் நீட்டுவது அரிது.

எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?

கருத்துகளை ஒப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பிரான்சின் லூக் பெசோன் நிறுவனம் ‘ஓங்-பாக்’கின் வெளிநாட்டு உரிமையை வாங்கி, சில இடங்களைக் குறைத்து, இசையையும் மாற்றி வெளியிட்டது. 2005இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததும் தாய்லாந்தில் ஓடிய அதே வடிவம் இல்லை. (படத்தின் துரத்தல் காட்சிச் சுவர்களில் ஸ்பீல்பெர்க்குக்கும் பெசோனுக்கும் வணக்கம் சொல்லும் கிறுக்கல்கள் இருக்கின்றன என்பது ரசிகர்கள் கண்டுபிடித்து மகிழும் செய்தி.)

அடுத்து 2005இல் அதே கூட்டணி எடுத்த ‘தோம்-யும்-கூங்’ படத்தின் கதி இதைவிட மோசம். அமெரிக்காவில் ‘தி புரொடெக்டர்’ என்ற பெயரில் வந்தபோது இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டது. ராப் கலைஞர் ரிஸாவின் இசை சேர்க்கப்பட்டது. யானைக்கும் அதை வளர்த்த குடும்பத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் பகுதிகளை நறுக்கிவிட்டு, நாயகன் ஏன் இவ்வளவு வெறியோடு அடிக்கிறான் என்று புரியவில்லையே என்றால் பழி யாருடையது? ‘கதையே இல்லை’ என்ற தீர்ப்புகளில் ஒரு பங்கு, கதையை வெட்டியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது.

பணம் வந்த பிறகு

‘ஓங்-பாக்’கின் பலம் எது என்பதற்கு அதன் பின்னால் வந்த படங்களே சோதனைக்களம். ‘தோம்-யும்-கூங்’கில் உணவு விடுதி ஒன்றின் சுழல் படிகளில் ஏறிக்கொண்டே, சுமார் நான்கு நிமிடம் வெட்டே இல்லாமல் டோனி ஜா சண்டையிடும் காட்சி உண்டு. நாயகன் மூச்சு வாங்குவது நடிப்பா நிஜமா என்று பிரிக்க முடியாது. செலவு கூடியிருந்தும் பழைய முறையை விடாததால் ரசிகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

2008இல் பிராச்சியா எடுத்த ‘சாக்லேட்’டும் அப்படியே. டேக்வாண்டோ பயின்ற ஜீஜா யானின், ஆட்டிசம் உள்ள பெண்ணாக நடித்தார். சண்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்தே சண்டை கற்கும் பெண் அவள். அதில் வரும் பனிக்கட்டித் தொழிற்சாலைச் சண்டை, புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ படத்துக்குச் செய்த மரியாதை. அந்தப் படமே 1971இல் தாய்லாந்தின் பாக் சோங்கில் எடுக்கப்பட்டதுதான்.

‘ஓங்-பாக் 2’ படத்தில் டோனி ஜாவே இயக்குநரானார். செலவு எகிறியது; படப்பிடிப்பு நடுவில் அவர் காணாமல்போனார்; பன்னா வந்து கைகொடுத்தார். 2008இல் வந்த படம் முடிவில்லாமல் அந்தரத்தில் நின்றது. சண்டைகளை மெச்சிய ரசிகர்களே அந்த முடிவைக் கண்டு கொதித்தார்கள். ‘கதை எதற்கு?’ என்றவர்களுக்கும் கதை வேண்டித்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2013இல் ‘தோம்-யும்-கூங் 2’ முப்பரிமாணத்தில் வந்தது, கிராபிக்ஸ் வந்தது, முதல் படத்தின் அமெரிக்கப் பதிப்புக்கு இசை தந்த ரிஸாவே வில்லனாக வந்தார். ரசிகர்களிடம் ஏமாற்றம்தான் மிஞ்சியது. இடைப்பட்ட காலத்தில், 2011இல், இந்தோனேசியாவிலிருந்து ‘தி ரெய்ட்’ வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவும் சிறு முதலீட்டுப் படமே.

இந்த வரிசை சொல்வது தெளிவு. சண்டையும் கதையும் ஒரே உடம்பில் இருந்தபோது ரசிகர்கள் குறைகளை மன்னித்தார்கள். அந்த உடம்பைக் கிராபிக்ஸ் மறைத்தபோதோ, கதை பாதியில் அறுந்தபோதோ மன்னிக்கவில்லை.

எழுதப்படாத கணக்கு

இனி, பேசப்படாத பக்கம். உச்சந்தலையில் இறங்கும் முழங்கையைப் புகழ்கிறோம். அந்தத் தலை யாருடையது என்று கேட்பதில்லை. 2004இல் பன்னா இயக்கிய ‘பார்ன் டு ஃபைட்’ படத்தில், ஓடும் லாரிகளின் மேலிருந்து ஆட்கள் தரையில் விழுகிறார்கள். சக்கரத்துக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ‘சாக்லேட்’டின் இறுதியில் கட்டட மாடங்களிலிருந்து ஒருவர்பின் ஒருவராக விழுகிறார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் காயமுற்றவர்களின் காட்சிகளைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துச் சிலிர்க்கும் ரசிகர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரசிகர்களும் உண்டு.

‘டூப் இல்லை’ என்ற பெருமை நாயகனுக்குச் சேருகிறது. அடி வாங்கிய ஈசான் இளைஞர்கள் பெயர்ப் பட்டியலோடு கரைந்துபோகிறார்கள். குறைந்த செலவு என்பதன் ஒரு பகுதி, அவர்களுடைய எலும்பிலும் தசையிலும் மிச்சப்படுத்தியதுதான். இப்படிச் சொல்வதால் பன்னாவைக் குற்றவாளியாக்கவில்லை. அதே ஆபத்துகளைத் தன் உடம்பில் ஏற்று வளர்ந்தவர் அவர். 2014 ஜூலையில் 53 வயதில் காலமானார். கேள்வி அவருக்கானது இல்லை, நமக்கானது. நிஜமான வலி தெரிந்தால்தான் நிஜமான சண்டை என்று நாம் அடம்பிடித்தால், அடுத்த படக்காரரும் அதைத்தான் தருவார்.

பாதுகாப்போடும் உடம்பின் உண்மையைக் காட்ட முடியும். விலகி நிற்கும் கேமரா, நீண்ட ஷாட், நல்ல ஒத்திகை ஆகியவை யாருடைய மண்டையையும் உடைப்பதில்லை. ‘ஓங்-பாக்’கிலிருந்து உலகச் சினிமா எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்தப் பகுதிதான்.

தீர்ப்பு

‘ஓங்-பாக்’ சிறந்த சண்டைப் படம். அதன் கதை எளிது. எளிதாக இருப்பதாலேயே உடம்பால் சொல்ல முடிந்தது. கதை இல்லை என்பவர்கள் அந்த உடம்பைப் படிக்கவில்லை. கதை வேண்டாம் என்பவர்கள், தாங்கள் எதனால் நெகிழ்ந்தோம் என்று யோசிக்கவில்லை. வில்லனும் பெண் பாத்திரங்களும் படத்தின் உண்மையான குறைகள். இனிப் பார்க்கப் போகிறவர்கள் வெட்டப்படாத தாய்லாந்து மொழிப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். அடுத்து ‘சாக்லேட்’, ‘தோம்-யும்-கூங்’ என்று போகலாம். ‘தோம்-யும்-கூங் 2’ஐத் தவறவிட்டால் நட்டமில்லை. 2027 முதல் வெளியாகும் படங்களில் ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனி விருது தருவதாக ஆஸ்கர் அமைப்பு அறிவித்திருக்கிறது. திரையில் விழுந்தெழும் ஸ்டண்ட் கலைஞர்களின் பெயர்களை ரசிகர்களும் வாசிக்கத் தொடங்க வேண்டிய நேரம் இது.